அஸி மலையில் ஒரு பாடுபட்ட சுரூபம்

1951 ஏப்ரலில், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு பங்குக் கோயிலின் பிரதான பீடத்திலிருந்து பாடுபட்ட சுரூபத்தை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னவர் அன்னெசி மறைமாவட்டத்தின் ஆயர். கோயில் அபிஷேகமாகி முழுதாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுரூபம் உடையவில்லை, கறுக்கவில்லை, களவு போகவில்லை. அதில் தொங்குபவர் இயேசுவைப் போல இல்லை என்பதுதான் புகார்.

கோயிலின் பெயர் நோத்ர் தாம் து தூத் கிராஸ். சகல வரங்களின் மாதா என்று சொல்லலாம். ஊர், அஸி மேட்டுநிலம். (பிரான்சிஸ் புனிதரின் அசிசி வேறு, அது இத்தாலியில் இருக்கிறது.) சுரூபத்தைச் செய்தவர் ஜெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பி. இருபதாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையும் நவீனக் கலையும் முட்டிக்கொண்ட இடம் என்று கலை வரலாற்றில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு. அமெரிக்கக் கலை வரலாற்றாளர் வில்லியம் ரூபின் 1961-லேயே இந்த ஒரு கோயிலைப் பற்றி முழுப் புத்தகம் எழுதினார்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. துணிச்சலான கலைஞர்கள் ஒரு பக்கம், கலை தெரியாத பழமைவாதிகள் இன்னொரு பக்கம், கடைசியில் கலை வென்றது. இந்தக் கதையில் ஒரு தரப்பு விட்டுப்போகிறது. அந்தப் பீடத்தின் முன்னால் தினமும் முழந்தாளிட்டவர்கள் யார்?

1

அஸி இருப்பது மோன் பிளான் சிகரத்துக்கு எதிரே, கடல்மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில். சுத்தமான காற்று, நல்ல வெயில். காசநோய்க்கு மருந்து இல்லாத அந்தக் காலத்தில் இரண்டும்தான் மருந்து. 1920-களிலிருந்து அங்கே சானடோரியங்கள் வரிசையாக எழுந்தன. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகிற நமக்கு அந்தச் சொல் ஓர் ஊர்ப்பெயராகிவிட்டது. அன்றைக்கு அது மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில், பால்கனியில் போர்வைக்குள் படுத்துக் கிடக்கும் வாழ்க்கை. மேரி கியூரி 1934-ல் இறந்தது இங்கே இருந்த சான்செல்மோஸ் சானடோரியத்தில்தான்.

சானடோரியத்தில் நோயாளிகளுக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தவர் ழான் தெவெமி என்ற குரு. கூட்டம் பெருகப் பெருக ஊருக்கு ஒரு முறையான கோயில் தேவைப்பட்டது. மொரீஸ் நொவரினா என்ற உள்ளூர்ப் பக்கத்துக் கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். கட்டுமானம் 1937-ல் தொடங்கி, போரைக் கடந்து, 1950 ஆகஸ்ட் 4 அன்று அபிஷேகம் நடந்தது. கட்டடம் அடக்கமானது. மலைவீட்டுப் பாணியில் அகலமாகத் தாழ்ந்து இறங்கும் கூரை, பனியைத் தாங்கும் சரிவு, முன்னால் தடித்த கல்தூண்கள், பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு. இந்தக் கட்டடத்தை மட்டும் பார்த்து யாரும் புத்தகம் எழுதியிருக்க மாட்டார்கள்.

உள்ளே யார் வேலை செய்வது என்பதில்தான் கதை திரும்பியது. தெவெமிக்கு நண்பர், தொமினிக்கன் சபைத் துறவி மரி அலேன் கூத்தூரியே. இவர் கண்ணாடி ஓவியம் செய்யக் கற்றவர், 'லார் சாக்ரே' என்ற திருக்கலை இதழின் ஆசிரியர்களில் ஒருவர். அவருக்கு ஒரு கோபம் இருந்தது. பாரிஸில் சன் சுல்பீஸ் கோயிலைச் சுற்றியிருந்த கடைகளில் பிளாஸ்டர் சுரூபங்கள் அச்சில் வார்த்து, வண்ணம் பூசி விற்கப்பட்டன. ரோஜா நிறக் கன்னம், மேலே சொருகிய கண், தேய்த்து மழுக்கிய முகம். எந்தப் புனிதராக இருந்தாலும் முகம் அதேதான், கையில் வைத்திருக்கும் பொருள்தான் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ரகம் மிஷனரிகளோடு உலகமெல்லாம் போனது. நம்மூர்க் கோயில்களில் இன்றும் நாம் பார்க்கும் பல சுரூபங்களுக்கு அதுதான் பாட்டன் வீடு.

ஐரோப்பாவின் மிகச் சிறந்த கலை ஆயிரம் வருடங்களுக்கு மேல் கோயிலுக்குள் நடந்தது. இப்போது மத்தீஸ், பிராக், பொனார் எல்லாரும் வெளியே இருக்கிறார்கள், கோயிலுக்குள் பிளாஸ்டர் இருக்கிறது. இதை எப்படிச் சகித்துக்கொள்வது? கூத்தூரியேயின் பதில் அன்றைய திருச்சபைக்கு அதிர்ச்சியானது. விசுவாசமும் மேதைமையும் ஒரே ஆளிடம் கிடைத்தால் உத்தமம். கிடைக்காவிட்டால், திறமை இல்லாத விசுவாசியைவிட விசுவாசம் இல்லாத மேதையை அழைப்பதே மேல். மேதைமையும் கடவுள் கொடுத்த வரம்தானே என்பது அவர் கட்சி.

அழைத்தார். வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். முகப்பு மொசைக் ஃபெர்னான் லெஜே, கம்யூனிஸ்ட். பீடத்தின் பின்னால் பெரிய திரைச்சீலை ழான் லுர்சா, அவரும் கம்யூனிஸ்ட். ஞானஸ்நானத் தொட்டி இருக்கும் பகுதி மார்க் ஷகால், யூதர். மாதா சுரூபம் ஜாக் லிப்ஷிட்ஸ், யூதர். பாடுபட்ட சுரூபம் ரிஷியே, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். கண்ணாடிகளில் ஐந்து ஜார்ஜ் ரூவோ. இவர் ஒருவர் ஆழமான கத்தோலிக்கர். வாழ்நாள் முழுக்கக் கிறிஸ்துவின் முகத்தை வரைந்துகொண்டிருந்த மனிதர். முதுமை வரைக்கும் எந்தக் கோயிலும் அவரைக் கூப்பிடவில்லை. விசுவாசம் இருந்தும் வெளியே நிறுத்தப்பட்ட ரூவோவை வைத்துப் பார்த்தால், திருச்சபையின் அன்றைய சிக்கல் விசுவாசம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை என்று தெரிகிறது. ரசனையும் அதில் இருந்தது.

2

சரி, இத்தனை பெரிய பெயர்கள் சேர்ந்து ஒரு நல்ல கோயிலை உண்டாக்கினார்களா? என் பதில்: பாதிதான்.

லெஜேயின் முகப்பு மாதா மன்றாட்டு மாலையை எடுத்துக்கொள்கிறது. நடுவில் மாதாவின் முகம், சுற்றிலும் ரோஜா, கோபுரம், விண்மீன் என்று மன்றாட்டில் வரும் அடையாளங்கள். கனத்த கறுப்புக் கோடு, கலப்பில்லாத நீலம், சிவப்பு, மஞ்சள். கிட்டத்தட்ட ஒரு விளம்பரப் பலகையின் மொழி. இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. வருடத்தில் பல மாதம் வெள்ளையும் சாம்பலும் மட்டுமே தெரிகிற ஒரு மலையில், தூரத்திலிருந்து நடந்து வருகிறவன் கண்ணுக்கு அந்த நிறம் தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற மனசு அது. ஆழம் கிடையாது, வாசலில் ஆழம் தேவையும் இல்லை.

உள்ளே போனதும் லுர்சாவின் திரைச்சீலை. திருவெளிப்பாட்டில் வரும் பெண்ணும் பறவைநாகமும். ஓபுஸோன் நெசவு, கறுப்பும் வெளுப்புமாகப் பிளந்த பின்னணி, பயங்கரமான உடல்கள். தனியாகப் பார்த்தால் அசத்தலான வேலை. பீடத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் தொந்தரவு. பூசை நடக்கும்போது சபையின் பார்வை போய் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மிருகம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. பீடத்தின் மேல் எதை வைத்தாலும் அந்தத் திரை அதை விழுங்கப் பார்க்கும்.

மத்தீஸின் தொமினிக் புனிதர் மஞ்சள் ஓடுகள்மேல் கறுப்புக் கோடு. முகம் வெறும் நீள்வட்டம், கண் மூக்கு இல்லை. வான்ஸ் நகரில் தொமினிக்கன் சகோதரிகளுக்காக அவர் செய்துகொண்டிருந்த சிற்றாலயத்தில் இதே உருவம் பெரிதாக இருக்கிறது. அங்கே வெளிச்சம், தரை, ஜன்னல், பீடம், குருவின் உடை எல்லாமே மத்தீஸின் யோசனை. உருவம் அந்த இடத்தின் மூச்சோடு சேர்ந்துவிடுகிறது. அஸியில் அது விருந்துக்கு வந்த உறவுக்காரர் மாதிரி ஓரமாக நிற்கிறது. அதே பீடத்தில் நற்கருணைப் பேழைக்குப் பிராக் செய்த வெண்கலக் கதவில் ஒரு மீன். சின்ன வேலை, அடக்கமான வேலை, கையால் திறந்து மூடுகிற ஒரு பொருளுக்குப் பொருத்தமான வேலை.

ஷகால் செங்கடலைக் கடக்கும் இஸ்ரவேலரைப் பீங்கான் ஓடுகளில் வரைந்தார். அது 1957-ல் வந்தது. தண்ணீரைக் கடந்து விடுதலை என்பதால் ஞானஸ்நானத்துக்குப் பழைய காலத்திலிருந்தே சொல்லப்படும் முன்னடையாளம் அது. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவானது. ஒரு யூதக் கலைஞர் தன் வேதத்தை விட்டுக்கொடுக்காமல் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் வேலை செய்வதற்கு இதைவிட நேர்மையான வழி இருந்திருக்காது. லிப்ஷிட்ஸ் இன்னும் வெளிப்படையானவர். தன் முன்னோரின் விசுவாசத்தில் நிற்கிற ஒரு யூதன் மனிதர்களுக்குள் நல்லுறவு உண்டாகும்படி இந்த மாதாவைச் செய்தான் என்ற பொருளில் சுரூபத்திலேயே பொறித்துவிட்டார். ஐரோப்பிய யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டுப் பத்து வருடம் ஆகியிருந்த நேரத்தில் அந்த வாசகத்தின் கனம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, தனித்தனியாகப் பல நல்ல வேலைகள். மொத்தமாகப் பார்த்தால் ஒரு தொகைநூல். ஒவ்வொருவரும் அவரவர் குரலில் அவரவர் சுருதியில் பாடுகிறார்கள். கூத்தூரியே மேதைகளைத் திரட்டினார், அவர்களை ஒருவரையொருவர் கேட்க வைக்கவில்லை. அந்தப் பாடத்தை அவரே கற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்து அவர் துணைநின்ற வான்ஸ், ரோன்ஷான் இரண்டும் ஒரே கையில் விடப்பட்ட கோயில்கள். முன்னது மத்தீஸ், பின்னது லெ கொர்புசியே.

ஆனால் இந்தத் தொகைநூலில் இரண்டு மூன்று பக்கங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. ஒன்று பொனார் வரைந்த பிரான்சிஸ் சலேசியார். சவோய் மண்ணின் புனிதர், அன்னெசியில் வாழ்ந்த ஆயர். பொனார் அவரை நோயாளிகளின் நடுவே நிறுத்துகிறார். இன்னொன்று நிலவறைச் சிற்றாலயத்தில் லாதிஸ்லாஸ் கிஜ்னோ தீட்டிய கடைசி இராவுணவு. கிஜ்னோ அப்போது பெயர் தெரியாத இளைஞர். அதே மலையில் காசநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். மூன்றாவது, பீடத்திலிருந்து எடுக்கப்பட்ட அந்தச் சுரூபம்.

3

ரிஷியேயின் கிறிஸ்து வெண்கலம். சிலுவைமரமும் உடலும் தனித்தனியாக இல்லை. நீண்டு மெலிந்த கைகள் குறுக்குக் கட்டையாகவே ஆகிவிட்டன. நெஞ்சுக்கூடு குழிந்து, தோல் பட்டை உரிந்த மரம் போல இருக்கிறது. முகத்தில் அடையாளம் காண எதுவும் மிச்சமில்லை. ஆணி, முள்முடி, வழியும் ரத்தம் என்று வழக்கமாக நமக்கு இரக்கம் வரவழைக்கும் எதுவும் இல்லை. அடித்து முடித்தபிறகு, எல்லாரும் போன பிறகு, மிச்சமிருப்பது.

எசாயா ஆகமத்தின் 53-ஆம் அதிகாரம்தான் இதற்கு மூலம். துன்புறும் ஊழியனிடம் பார்ப்பவரைக் கவரும் அழகோ வடிவோ கிடையாது, ஜனங்கள் அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று சொல்லும் பகுதி. பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் எல்லாக் கத்தோலிக்கக் கோயில்களிலும் வாசிக்கப்படுவது. காதால் கேட்டால் வேதவாக்கு, கண்ணால் பார்த்தால் தேவதூஷணம் என்றானது வேடிக்கைதான்.

1951 ஜனவரியில் தெவெமி ஆன்ஷே நகரில் கோயிலைப் பற்றிப் பேசப் போனபோது எதிர்ப்பாளர்கள் கலவரம் செய்தார்கள். ரிஷியேயின் சுரூபத்தைப் பரிகாசம் என்று சாடும் துண்டறிக்கை பரவியது. விவகாரம் ரோமை வரைக்கும் போனது. ஏப்ரலில் ஆயர் சுரூபத்தை இறக்கினார். 1952 ஜூன் 30 அன்று வத்திக்கானின் திரு அலுவலகம் திருக்கலை பற்றி ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் சொன்ன விதியை அது நினைவூட்டியது: வழக்கத்துக்கு மாறான எந்த உருவத்தையும் ஆயரின் அனுமதி இல்லாமல் கோயிலில் வைக்கக்கூடாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை வெறும் மூடத்தனம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. கோயில் கலைக்கூடம் கிடையாது. கலைக்கூடத்தில் ஒரு சிற்பம் பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். பங்குக் கோயிலில் பீடத்தின் மேல் இருப்பதை ஞாயிறுதோறும், ஆயுள் முழுக்கப் பார்த்தாக வேண்டும். கல்யாணமும் சாவும் அதன் முன்னால்தான். நம் மரபிலும் மூலவர் திருமேனியை எந்தச் சிற்பியும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது. அளவும் முத்திரையும் சிற்ப சாஸ்திரத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டுப்பாடு சிற்பியை அவமானப்படுத்துவதற்காக ஏற்பட்டதில்லை. வணங்குகிறவர், செய்தவரின் மனநிலையைத் தாண்டி வணங்கப்படுபவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. அந்த அளவில் ஆயரின் கவலை நியாயமானது.

அது பொருந்தாத இடமும் அஸிதான். 'வழக்கத்துக்கு மாறானது' என்றார்களே, எந்த வழக்கத்துக்கு? சன் சுல்பீஸ் வழக்கத்துக்கு என்றால், அதற்கு அப்போது நூறு வயதுகூட ஒழுங்காக ஆகியிருக்காது. அதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். 1510-களில் மத்தியாஸ் குரூனெவால்ட் ஈசன்ஹைம் மடத்துக்கு ஒரு பீட ஓவியம் செய்தார். அந்த மடம் ஓர் ஆஸ்பத்திரியும்கூட. அந்தோனியார் நெருப்பு என்று அன்று அழைக்கப்பட்ட, கைகால் அழுகும் நோய் வந்தவர்களை அங்கே பார்த்துக்கொண்டார்கள். குரூனெவால்டின் கிறிஸ்து உடம்பெல்லாம் புண், விரல்கள் விறைத்து முறுக்கிக்கொண்டிருக்கின்றன, தோல் பச்சை பாரித்திருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் தன் நோயையே சிலுவையில் பார்த்தான். இன்று கோல்மார் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தைக் கிறிஸ்தவக் கலையின் சிகரம் என்கிறார்கள். ரிஷியே செய்தது அதே காரியம். அவர் காலத்தின் நோய் புண்ணாக வெளியே வராது, உள்ளிருந்து உருக்கும். நம் ஊரிலேயே எலும்புருக்கி என்றுதானே அதற்குப் பெயர்?

தமிழ்க் கண்ணுக்கு இந்த உருவம் அவ்வளவு அந்நியமாக இருக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. விலா தெரியும் உடம்பும் தொங்கும் முலையும் கையில் தாளமுமாக உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரைச் சோழ வெண்கலத்தில் வார்த்தவர்கள் நாம். பேய்வடிவம் என்று தெரிந்தேதான் கும்பிட்டார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம். அம்மையார் அந்த உருவத்தைக் கேட்டு வாங்கினார். அஸி மலையில் இருமிக்கொண்டிருந்தவர்கள் கேட்டு வாங்கவில்லை. அதனால்தான் அவர்களுக்குத் தன்னைப் போலவே கேட்காமல் உருகிய ஒருவர் தேவைப்பட்டார்.

சுரூபத்தை எடுத்தபோது நோயாளிகள் வருந்தினார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அவர்களுக்கு அது புரிந்தது. நவீனக் கலை பயின்றதால் புரியவில்லை. எக்ஸ்ரே படத்தில் தங்கள் நெஞ்சுக்கூட்டைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். ஆன்ஷே நகரில் கத்தியவர்களில் எத்தனை பேர் அந்தக் கோயிலில் முழந்தாளிட்டவர்கள்? ஒரு பங்குக் கோயிலின் சுரூபத்தைப் பற்றி பாரிஸ் விமர்சகர்கள் பேசினார்கள், ரோமை பேசியது. பங்கு மக்களைக் கேட்கும் வழக்கம் இரண்டு தரப்புக்கும் இல்லை.

கூத்தூரியேயின் கேள்வியிலும் அதே ஓட்டை இருக்கிறது. கலைஞன் விசுவாசியா, மேதையா என்று அவர் கலைஞனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அஸியின் சுவர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. விசுவாசி ரூவோவின் கண்ணாடிகளும் நன்றாக இருக்கின்றன, விசுவாசமில்லாத ரிஷியேயின் வெண்கலமும் நன்றாக இருக்கிறது. பொனார், கிஜ்னோ, ரிஷியே மூவரின் வேலையும் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கக் காரணம் அவர்கள் எதை நம்பினார்கள் என்பதில் இல்லை. யார் வந்து இதன் முன்னால் நிற்கப்போகிறார்கள் என்பது அவர்கள் வேலைக்குள் இருக்கிறது. லுர்சாவின் பறவைநாகத்தை எந்தக் கோயிலிலும் மாட்டலாம். ரிஷியேயின் சுரூபத்துக்கு அஸிதான் இடம்.

4

அந்த இடமும் பிறகு மாறிப்போனது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது; 1952-ல் ஐசோநையாசிட் வந்தது. காசநோய்க்கு மாத்திரை இருக்கிறது என்றானபின் மலையும் வெயிலும் எதற்கு? இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் சேர்த்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்த நோயாளிகளையும், நெருக்கமான குடிசை வீடுகளிலேயே தங்கி மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும் ஒப்பிட்டது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் முடிவை வெளியிட்டது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதற்கு சென்னையின் அந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம். கோயிலைக் கட்ட வைத்த கூட்டத்தைக் கலைத்துவிட்டதில் அதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்!

ரிஷியே 1959-ல் இறந்துவிட்டார். கூத்தூரியே அதற்கு ஐந்து வருடம் முன்பே போய்விட்டார். சுரூபம் 1969-ல் பிரதான பீடத்துக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு, 1970 ஏப்ரல் 16 அன்று, அதே மேட்டுநிலத்தில் மலைச்சரிவு ஒரு சானடோரியத்தின் மேல் விழுந்து 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பிரான்ஸ் அரசு பின்னாளில் சுரூபத்தையும் கோயிலையும் வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது.

கலை வென்றது என்று முடிக்கிறவர்கள் இங்கே முடிப்பார்கள். 1951-ல் அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவர்களுக்கு 1969-ல் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அவர்களில் பலர் செத்திருப்பார்கள், மற்றவர்கள் குணமாகி ஊருக்குப் போயிருப்பார்கள். நடுவில் இருந்த பதினெட்டு வருடங்களில் அந்தக் கோயிலுக்கு வந்த நோயாளிகளுக்கு முன்னால், அவர்களுக்காகச் செய்த ஒன்று அந்தப் பீடத்தில் இல்லை. திரும்பி வந்தபோது பார்க்க வந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். மூச்சு வாங்காமல் மலையேறி, படம் எடுத்துக்கொண்டு, லெஜே நன்றாக இருக்கிறதா லுர்சா நன்றாக இருக்கிறதா என்று பேசிக்கொண்டே இறங்கக்கூடியவர்கள்.